நோட்டு அக்கா

அவளுடைய படிப்பு என்னவென்று அவள் அம்மாவுக்கு ஐந்து வருடமாகப் புரியவில்லை. "அடுத்தவங்க போன்ல என்ன பேசிக்கிறாங்கன்னு பாக்குறதுக்கு டாக்டர் பட்டமா? கீழ்வீட்டம்மா இதைச் சும்மாவே செய்யுறாளே!" என்பாள்.

படிப்பு மானுடவியல். காட்டுக்கும் தீவுக்கும் போய் மனிதர்களோடு தங்கி எழுதியவர்களின் துறை. இவள் போனது பேருந்து நிலையத்தின் பின்பக்கம், உணவு டெலிவரி செய்பவர்கள் ஆர்டருக்காகக் காத்திருக்கும் வண்டி நிறுத்தத்துக்கு. அவர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குழு உண்டு. எந்தத் தெருவில் நாய் துரத்தும், எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது, யார் விழுந்து அடிபட்டார் என்பதெல்லாம் அதில்தான் வரும். அந்தக் குழுவைப் பற்றித்தான் ஆய்வு. அனுமதி கேட்டு அவளும் அதில் சேர்ந்தாள். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குக் காட்ட மாட்டேன் என்று எல்லோர் முன்பும் வாக்குக் கொடுத்திருந்தாள். இரண்டு வருடம் மடியில் நோட்டோடு அங்கே உட்கார்ந்ததில் 'நோட்டு அக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு வியாழக்கிழமை, அடுத்த திங்கள் மதியம் எல்லோரும் ஒரு மணி நேரம் ஆப்பை அணைத்துவைப்பது என்று குழுவில் முடிவானது. வெள்ளி காலை மூன்று பேரின் கணக்கை நிறுவனம் முடக்கியது. அவர்கள் குழுவில் எழுதியதை மேலாளர் வரி பிசகாமல் போனில் படித்துக் காட்டினாராம்.

குழுவில் வண்டி ஓட்டாத ஆள் அவள் ஒருத்திதான்.

அன்று அவள் போனபோது பதினைந்து பேர் காத்திருந்தார்கள். குழுவை நடத்தும் 'தலை' ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அதுவரை 'வாங்க' என்று கூப்பிட்டவர்.

"நோட்டக் குடு."

"தர முடியாதுண்ணே."

"ஒளிக்க ஒண்ணுமில்லன்னா காட்டறதுல என்ன?"

"ஒளிக்க இருக்குண்ணே. ஆனா அது என்னோடது இல்ல."

காட்டினால் ஐந்து நிமிடத்தில் அவள் மேல் விழுந்த பழி போய்விடும். ஆனால் விபத்தை மனைவியிடம் மறைத்தவர், ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களுக்கு ஓட்டுபவர் என்று நோட்டு முழுக்க அவளை நம்பிச் சொன்னவர்கள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கணக்கு முடங்கிய ஒருவர் பையின் வாரைப் பிடித்து இழுத்தார். "எங்க பொழப்பு போச்சு, இவங்களுக்குப் பட்டம் கேக்குதா?"

அவள் பையை விடவில்லை.

"விடுய்யா அந்தப் பொண்ண!" என்று ஒரு மீசைக்காரர் குறுக்கே வந்தார். குழுவில் ஓயாமல் பேசுகிறவர். ஒரு வரி எழுதியதில்லை, எல்லாம் குரல் பதிவுதான்.

"அதுல என்னைப் பத்தியும் இருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாது."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"எட்டு வருசமா அட்ரஸ போனைப் படிக்கவெச்சு, காதால கேட்டுத்தான் ஓட்டுறேன். இந்தப் பொண்ணு கேட்டுச்சு, சொன்னேன். உங்கள்ல ஒருத்தருக்காவது தெரியுமா? போட்டுக்குடுக்குற ஆளா இருந்தா இந்த விசயம் எப்பவோ ஆபீசுக்குப் போயிருக்கும்."

இழுத்தவர் வாரை விட்டார். தலை மட்டும் மசியவில்லை. சாயங்காலமே அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்.

ஒன்பது நாள் அவள் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. "என்னடி, ஊர்வம்பு தீந்துபோச்சா?" என்று கேட்ட அம்மா, அவள் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பத்தாம் நாள் மீசைக்காரர் போன் செய்தார். முடங்கிய கணக்கைத் திறக்கச் சொல்லி ஒருவர் நிறுவனத்தின் கிளைக்குப் போயிருக்கிறார். அங்கே கணினித் திரையில் அவர்களுடைய குழுவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. முன்பொரு நாள் இன்ஷூரன்ஸ் படிவம் அச்செடுக்க அங்கே போன தலை, அந்தக் கணினியில் தன் வாட்ஸப்பைத் திறந்துவிட்டு மூடாமலே வந்திருக்கிறார்.

தலை அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்பவும் குழுவில் சேர்த்தார். இரண்டு நாள் வண்டி நிறுத்தத்துப் பக்கமே வரவில்லை. மீசைக்காரரின் கதையை ஆய்வில் எழுதலாமா என்று அவள் மறுபடி கேட்டாள். "ஊருக்கே சொல்லியாச்சு, இனி என்ன? நல்லா எழுதுங்க" என்றார்.

இரண்டு கணக்குகள் திறந்தன. மூன்றாமவர் கிடங்கு வேலைக்குப் போய்விட்டார். விஷயம் தெரிந்த பிறகும், அவளைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் கடந்துவிடுகிறார்.