களிமண் அடைத்த துளை

எனக்கு முன்கோபம் அதிகம். கல்லோடு பழகுகிறவனுக்குப் பொறுமை தானாக வரும் என்று சிலர் சொல்கிறார்கள். என் விஷயத்தில் அது சுத்தப் பொய். அந்தக் கோபத்தை அக்காவிடம் காட்டிய நாளைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

நான் நிலவியல் படித்தவன். மலையையும் குவாரியையும் அளந்து, கல் மாதிரி எடுத்து, கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது என் தொழில். எங்கள் மாவட்டத்தின் மேற்கோரத்தில் ஒரு மொட்டை மலை, அதில் ஒரு பழைய இரும்புச் சுரங்கம். இனியும் வெட்டி எடுக்கும் அளவுக்கு அதில் இரும்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் தாயில்பட்டிப் பக்கம் அக்கா வேலை பார்த்த பட்டாசு ஆலையைப் பூட்டியிருந்தார்கள். மாதிரி உடைக்க ஆள் தேவைப்பட்டதால் அவளைக் கூட்டிப்போனேன். சுரங்கம் மறுபடி நடந்தால் அக்காவுக்கு நிரந்தர வேலை தருவதாகக் கம்பெனி மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

இருபது வருஷம் பட்டாசுக்கு வெடிமருந்து அடைக்கும் மருந்து அறையில் உட்கார்ந்தவள் அக்கா. "கல்லோ மண்ணோ சுமக்கேன்லே. இனிமே அந்த ரூமுக்குள்ள மட்டும் போகாம இருந்தாப் போதும்" என்றாள்.

அந்த மலை ஒரு காலத்தில் கடலடிச் சேறு. இரும்பும் சிலிக்காவும் மாறி மாறிப் படிந்து, பூமிக்குள் ஆழப் புதைந்து, வெந்து, நசுங்கி, மடிந்து, கடைசியில் செங்குத்தாக நிமிர்ந்துவிட்டன. உடைத்துப் பார்த்தால் கறுப்பு வரியும் வெள்ளை வரியும் மாறி மாறித் தெரியும். கறுப்பு, காந்த இரும்பு. வெள்ளை, குவார்ட்ஸ். சுற்றியிருந்த இளகிய பாறையெல்லாம் மழையிலும் வெயிலிலும் கரைந்து சமவெளியாகிவிட, இது மட்டும் கரையாமல் நின்றது. அதனால்தான் அது மலை. அங்கே திசைகாட்டியை நம்ப முடியாது. நாலடி நகர்ந்தால் முள் வேறு பக்கம் இழுக்கும். நான் அதைத் தட்டித் தட்டித் திட்டியதைப் பார்த்துவிட்டு, "அதுக்கும் உன்னைய மாதிரியே கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் அக்கா.

அடிவாரத்தில் கிட்டம் குவியல் குவியலாகக் கிடக்கிறது. கிட்டம் என்றால் இரும்பை உருக்கி எடுத்தபின் மிஞ்சும் கசடு. ஓடையில் அடித்து வந்த கறுப்பு மணலையும் மேலே உதிர்ந்து கிடந்த கல்லையும் பொறுக்கி, ஆளுயர மண் உலையில் கரியோடு போட்டு உருக்கியிருக்கிறார்கள். மேலே பொறுக்கியது தீர்ந்த பிறகுதான் மலையைக் குடைந்திருக்கிறார்கள். குகையின் முன்பகுதிச் சுவரில் இன்னும் புகைக்கறை இருக்கிறது. பாறையைத் தீ மூட்டிச் சூடேற்றி, தண்ணீரை ஊற்றி விரிசல் விட வைத்த இடம் அது. உள்ளே போகப் போக வேலையின் முறை மாறுகிறது. பிற்காலத்தில் யாரோ குத்தகைக்கு எடுத்துத் துளை போட்டு வெடி வைத்திருக்கிறார்கள். வெடித்த இடமெல்லாம் பாறையில் பாதிக் குழாய் மாதிரி ஒரு தடம் நிற்கிறது. அவர்கள் ஏன் பாதியில் விட்டுப்போனார்கள் என்று நான் தேடிய எந்தக் காகிதத்திலும் இல்லை.

அக்கா முதல் நாளே ஆலைப் பழக்கத்தில் குகை வாசலில் செருப்பையும் செல்போனையும் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். இரும்புச் சுத்தியலைக் கையில் கொடுத்தால் குழந்தைக்கு முதுகு தட்டுவதுபோல் கல்லைத் தட்டினாள். மருந்து அறைக்குள் இரும்பையே விடமாட்டார்கள். இரும்பு உரசினால் பொறி, பொறி விழுந்தால் ஆள் மிஞ்ச மாட்டார். இது எனக்கும் தெரியும். நானும் அந்த ஊர்க்காரன்தானே. இருந்தும் மூன்றாம் நாள் பொறுமை போய்விட்டது. கம்பெனி மேலாளர் வேறு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இது ஒன்னும் பட்டாசு ரூம் இல்ல. அடிக்க முடிஞ்சா அடி, இல்லாட்டி வீட்டுக்குப் போ" என்று கத்தினேன்.

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். மேலாளர் சங்கடப்பட்டு வெளியே போய்விட்டார். நானே சுத்தியலை எடுத்து, குகையின் கடைசிச் சுவரை நோக்கி ஓங்கினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நகம் பதிந்தது.

"நில்லுலே. இங்கன பாரு."

சுவரில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டமாக மண். நான் அதைப் பாறை இடுக்கில் சேர்ந்த அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

"இது தானா வந்த மண்ணு இல்ல. களிமண்ணை வச்சு ஆளு இடிச்சுக் கெட்டிச்சிருக்கான். இருபது வருசமா பட்டாசுக் குழாய்ல நான் கெட்டிச்ச மண்ணு எனக்குத் தெரியாதா? மத்த துளையெல்லாம் வெடிச்சிருக்கு. இது வெடிக்கல. மருந்து உள்ளயே இருக்கு."

விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். மண்ணின் நடுவில் திரியின் கரிந்த நுனி தெரிந்தது. என் சுத்தியல் விழவிருந்த இடம் அதற்கு ஒரு சாண் மேலே. இருவரும் வந்த தடத்திலேயே கால் வைத்து வெளியே வந்தோம்.

வெளியே மேலாளர் தூரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார். இதை அறிக்கையில் எழுதினால் ஆய்வு நின்றுவிடும், அக்காவின் வேலையும் போய்விடும். எங்கள் இருவருக்கும் அது தெரியும். மெதுவாகச் சொன்னேன்: "அந்தச் சுவரை விட்டுட்டு வேற பக்கம் மாதிரி எடுத்துக்கிடலாம். நான் எழுதல."

அந்த வேலைமேல் இருந்த ஆசை அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"என் கூட இன்னும் பத்துப் பொம்பளைகளை வேலைக்கு வைப்பாக. உள்ள இன்னும் எத்தனை துளை இருக்கோ, அவுகளுக்கு யாருலே சொல்லுவா? எழுது."

எழுதினேன். வெடிமருந்து தெரிந்த ஆட்கள் வந்து அதை எடுத்தார்கள். உள்ளே இன்னும் இருக்கலாம் என்றார்கள். குகை வாசலைக் கல் வைத்து அடைத்தார்கள். கம்பெனி அந்த மலையைக் கைவிட்டது.

பதினைந்து நாள் கழித்து ஆலையைத் திறந்தார்கள். முதல் நாள் காலை, வேன் வரும் இடத்துக்கு நானும் போனேன். ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அதை அப்பவே மறந்துட்டேன்லே" என்றாள். வேனில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள். "ஆளே இல்லாத குகைக்கு இம்புட்டு எழுதினயே. எங்க ரூமையும் இப்படி ஒருத்தன் வந்து பார்த்து எழுதுவானா?"

வேன் கிளம்பிவிட்டது.