உடுத்திய துணியில் ஒரு சீர்

பதினேழு வயதில் எனக்கு ஒரு வெளிநாட்டுப் பயணம் வாய்த்தது. இலங்கைக்கு. சம்பாதிக்க அல்ல, சேவை செய்ய. மலைத் தோட்டத்தில் மண் சரிந்து வீடிழந்த தொழிலாளர்களுக்கு உதவ, கீரனூர்ப் பக்கத்து இளைஞர் மன்றம் ஒன்று ஆள் சேர்த்தது. நான் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான். ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள். சிங்கப்பூர் ஆசையில் எடுத்த பாஸ்போர்ட் இருந்தது, மூட்டை தூக்கத் தோள் இருந்தது. மூளை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

போய் இறங்கியதும் மன்றத் தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது.

"இந்தச் சனங்க பூராம் நம்ம பக்கத்துலேருந்து வந்தவுகடா. சும்மா குடுக்கக் கூடாது. தாய்மாமன் சீர் மாதிரி தட்டுல வச்சுக் கொண்டுபோவோம்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. தட்டுகளில் தேங்காய், பழம், வெற்றிலை, நடுவில் தலைவரே ஜிகினாத் தாள் சுற்றிவைத்த துணிப் பொட்டலம். மேளத்துக்கு ஆளில்லை. ஒரு எவர்சில்வர் குடத்தைத் தட்டிக்கொண்டு நானே முன்னால் ஆடிப் போனேன். தேயிலைக்குள் இருந்த குரங்குகள் வெட்கப்பட்டு ஓடின.

தகரக் கொட்டகையிலிருந்து ஒரு அக்கா ஆரத்தி கரைத்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் வீடு மண்ணுக்குள் போயிருந்தது. மகள் கல்யாணத்துக்கு வாங்கி வைத்த பட்டுச்சேலையும் அதோடு போய்விட்டது. கல்யாணம் அடுத்த வாரம்.

"எங்க தாத்தா குடுமியான்மலைக்காரரு தம்பி. எனக்குக் கூடப்பொறந்தவங்க இல்ல. சீருன்னு ஒண்ணு எங்க வாசலுக்கு வந்ததே இல்ல. இதுல இருக்குற சேலையத்தான் மகளுக்குக் கட்டிவிடப் போறேன்" என்று பொட்டலத்தைப் பிரித்தார்.

உள்ளே கொக்கி பிய்ந்த நைட்டி. பின்பக்கம் நைந்த கைலி. மைக்கறை படிந்த பள்ளிக்கூடக் கால்சட்டை.

அக்கா தலைவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பொறந்த வூட்டுலேருந்து உடுத்துன துணியவா கொண்டாருவாங்க?"

"ஒண்ணுமில்லாம நிக்கிறப்ப இதே பெருசுதாம்மா. நெஞ்சோட சேத்துப் புடிங்க, போட்டோ எடுக்கணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அண்ணே, ஒங்க தங்கச்சி வீட்டுக்கு இப்புடித்தான் சீர் கொண்டுபோனீங்களா?"

"படிக்காத பய, வாய மூடுறா."

"கிழிஞ்சது கண்ணுக்குத் தெரிய எத்தனாங் கிளாஸ் படிக்கணும்ணே? ஒரு புதுச்சேல வாங்கிக் குடுங்க. இல்லாட்டி ஒரு தட்டையும் இனித் தூக்க மாட்டேன்."

"அப்ப நடந்தே ஊருக்குப் போ."

"கடல்ல எப்புடிண்ணே நடக்குறது?"

பையன்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அடுத்த கொட்டகைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் போராட்டத்தில் கடைசிவரை இருந்தது நானும் குடமும்தான்.

அக்கா எல்லாவற்றையும் மடித்துத் தட்டிலேயே வைத்தார். "சீர் வேணாம். சீர் தூக்கி வந்தவங்க பசியோட போகக் கூடாது, உக்காருங்க" என்று சோறு போட்டார். தலைவர் கூச்சமே இல்லாமல் சாப்பிட்டு ஏப்பம் விட்டார். என் வயிறும் மானங்கெட்டதுதான், மறுசோறு கேட்டது.

இப்போதும் எங்காவது வெள்ளம் என்றால் பழந்துணி கேட்டு என் டீக்கடைக்கு வருகிறார்கள். "மொதல்ல நீங்க கட்டியிருக்குற வேட்டிய அவுத்துப் போடுங்க" என்பேன். கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும்.

அன்று அந்தக் கல்யாணத்துக்கு முன்பே எங்களை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பெண் மணவறையில் எதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாளோ, எனக்குத் தெரியாது. ஊர் திரும்பிய பிறகு தலைவரிடம் கேட்டேன். "எந்தப் பொண்ணுடா?" என்றார்.