அவனவன் நிரை

பச்சை இலை வாங்கும் தங்கவேலு முதலாளிக்குச் சில்வஸ்டர் தர வேண்டியிருந்தது முப்பதாயிரம் ரூபாய். கோயமுத்தூரில் முழங்கால் ஆபரேஷனுக்குக் கட்டிய பணம். அதற்கு ஈடு, கோத்தகிரிக்குக் கீழே கால் ஏக்கர் தேயிலை.

அந்தக் கால் ஏக்கர் அவன் ஓடிச் சம்பாதித்தது. சிலோனிலிருந்து கப்பலேறி வந்து எஸ்டேட் லயத்து வீட்டில் ஒண்டின குடும்பம். படிப்பு ஆறாவதோடு சரி. பத்தொன்பது வயசில் வெலிங்டனில் பட்டாளத்து மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் ரக்பி ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தது.

"டேய், ஓடுவியா?" என்றார் சுபேதார்.

அரிவாளை வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினான். பந்தைக் கையில் கொடுத்தார்கள். கோட்டைத் தாண்டி, வேலியையும் தாண்டி, ரோட்டில் போய்த்தான் நின்றான். எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே!

இந்த மலையில் ஓடினவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஓட்டத்துக்குச் சம்பளம் வாங்கினவன் அவன் ஒருத்தன்தான், அடித்துச் சொல்லலாம். கல்கத்தாவில் ஒரு கம்பெனியின் ரக்பி டீமில் ஒன்பது வருஷம். ஆபீசில் அவனுக்கு நாற்காலி உண்டு, உட்கார்ந்ததில்லை. மூக்கு இரண்டு தடவை உடைந்தது, ஆடினான். முழங்கால் போனது, முடிந்தது. மூன்று மாதச் சம்பளமும் ஒரு கைக்கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து கால் நேரானபோது தேயிலை படுத்துவிட்டது. தொண்ணூற்றெட்டில் கிலோ பதிமூன்று ரூபாய்க்குப் போன பச்சை இலை, அடுத்த வருஷம் நாலரைக்கு வந்தது. இலை போட்டுக் கடனைக் கழிப்பதாகப் பேச்சு. விலை இருந்த வரைக்கும் ஆறாயிரம் கழிந்தது. பிறகு போட்ட மூட்டையெல்லாம் உரத்துக்கும் கூலிக்குமே சரியாகப் போனது. மழை நாளில் தண்ணீர்க் கழிவென்று எடையில் நூற்றுக்குப் பதினைந்து வேறு போனது.

"ஏப்பா சில்வஸ்டரு, தை முடியறக்குள்ள இருபத்தி நாலாயிரத்தை வெச்சுப்போடு. இல்லீன்னா பட்டாவைக் கொண்டா. நானும் பேங்குக்குப் பதில் சொல்லோணுமல்லோ?"

"சரிங்க மொதலாளி."

"எதுக்குச் சரிங்கறே? பணத்துக்கா, பட்டாவுக்கா?"

அவனுக்கே தெரியவில்லை. அந்த வருஷம் அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. மனைவி சாந்தாமணி அழுதபோதும் சுவரைப் பார்த்தபடி இருந்தான். வாரம் ஒரு குடும்பம் திருப்பூருக்கு மூட்டை கட்டியது; அதையும் பார்த்தான்.

சும்மா கிடந்த லயத்துப் பையன்களைக் கூட்டிப் பந்தைக் கொடுத்தது அப்போதுதான். பெரிய நோக்கமெல்லாம் இல்லை, பொழுது போக வேண்டும். மூன்று மாதம் கழித்துக் குன்னூரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்து டீமோடு ஆட விட்டான். ஐம்பது பாயிண்ட் விட்டுக்கொடுத்தார்கள், எடுத்தது சைபர்.

"ஏண்டா பாலா, ஒன் மூக்குக்கு முன்னாடிதானே ஓடுனான்? ஏன் புடிக்கல?"

"அது வெற்றிப் பயலோட நிரைங்க மாஸ்டர். நான் புடிச்சா அவன் சும்மா இருப்பானா?"

கொழுந்து பறிக்கிறவர்களுக்குச் செடி வரிசையில் ஆளுக்கொரு நிரை. அடுத்தவள் நிரையில் கை வைத்தால் அன்றைக்குச் சண்டைதான். அந்தத் தாய்மார்களின் பிள்ளைகள் மைதானத்திலும் நிரை பிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்!

எதிர்ப்பள்ளிப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சில்வஸ்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "நிரையிலேயே நில்லுங்கடா. பறிக்கிற மாதிரியே ஒருத்தனை ஒருத்தன் முந்தாம ஏறுங்க. பந்து வர்ற எடம் மட்டும் எல்லாருக்கும் சொந்தம்" என்றான். நாலு மாதமும் அது ஒன்றுதான் பாடம். மார்கழியில் அதே பள்ளிக்கூடம் அந்த வரிசையில் ஒரு சந்து கிடைக்காமல் திணறியது. பன்னிரண்டுக்கு ஏழு, லயத்துப் பையன்கள் ஜெயித்தார்கள்.

மறுநாளே அந்தப் பள்ளியின் விளையாட்டு வாத்தியார் கீர்த்திவாசன் லயத்துக்கு வந்துவிட்டார்.

"கோச்சா வந்துருங்க. மாசம் நாலாயிரம். ஆறு மாசப் பணத்தை முன்னாடியே வாங்கித் தர்றேன். ஆனா எங்க பசங்களுக்கு மட்டும்தான். ஞாயித்துக்கிழமையும் அங்கதான். இந்த டீம் வேண்டாம்."

"ஏனுங்க சார்?"

"எங்களை ஜெயிக்க நீங்களே ஆள் தயார் பண்ணுவீங்களா?"

சாந்தாமணி விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டு அவன் வாயைப் பார்த்தாள். நாலாறு இருபத்து நாலு.

"சரிங்க" என்றான். எதற்குச் சரி என்று இந்தத் தடவை தெரிந்தது.

பையன்களிடம் அவனே போய்ச் சொன்னான்.

"அப்ப எங்களுக்கு, மாஸ்டர்?" என்றான் பாலன்.

"பந்தை வெச்சுக்கங்க."

"சரி விடுங்கடா, மாஸ்டரும் திருப்பூர் போயிட்டார்னு நெனச்சுக்குவோம்."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு வலிக்கவும் இல்லை. வலித்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

குன்னூரில் பூட்ஸ் போட்ட முப்பது பிள்ளைகள். நிரை என்றால் என்னவென்று அவர்களுக்குச் சொல்லியே ஒரு வாரம் ஆனது. நல்ல பிள்ளைகள், சொன்னதைச் செய்தார்கள். அவனும் விசிலை ஊத வேண்டிய நேரத்தில் ஊதினான்.

தை கடைசி வாரம் முதலாளி கடைக்குப் போனான்.

"பட்டா கொண்டாந்தயா?"

"பணமுங்க."

தங்கவேலு அவனை ஏற இறங்கப் பார்த்தார். துண்டில் கையைத் துடைத்து நீட்டினார். "எண்ணி வையி. நானும் கூட எண்ணுவேன், கோவிச்சுக்காதே."

ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். ஒவ்வொன்றாக வைத்தான். முப்பது தாண்டும்போது அவரே பேச்சுக் கொடுத்தார். "உன்ற பசங்க ரெண்டு பேரு, அந்தப் பாலனும் இன்னொருத்தனும், காலையில பஸ்ஸுக்குக் காசு கேட்டு வந்தானுக. திருப்பூராம். குடுத்தனுப்புனேன்."

"முப்பத்தி நாலு" என்றான் சில்வஸ்டர். "முப்பத்தி அஞ்சு."

அவரும் கூடவே எண்ணினார். நாற்பத்தெட்டாவது தாளையும் அந்த விரிந்த உள்ளங்கையில் வைத்தான்.