கேபிளைப் பிடுங்கிய பிறகு வந்த வரி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்தது இது. போன ஆடியில், குற்றாலத்தில் சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்த சமயம்.

அன்று சுரண்டையில் ஒரு கடை, சிவகிரியில் ஒரு பள்ளிக்கூடம் என்று கம்ப்யூட்டர் பழுது பார்த்துவிட்டு, இலஞ்சியில் வீட்டுக்குள் கால் வைக்கும்போது போன் வந்தது. தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே ஸ்கேன் எடுக்கும் மீனா பேசினாள்.

"வீரபாகு அண்ணாச்சி, சர்வர் படுத்துட்டு. அருவியில வழுக்கி விழுந்த ஒரு அம்மாவுக்குத் தலையில அடி. ஸ்கேன் எடுத்து, ஆளை ஆம்புலன்ஸ்ல திருநெல்வேலிக்கு ஏத்தி அனுப்பியாச்சி. அங்க டாக்டரு படத்தைக் கேக்காரு. படம் வர மாட்டேங்கு."

சாப்பிடாமல் கிளம்பினேன்.

ஸ்கேன் படங்களையெல்லாம் சேர்த்து வைக்கும் லினக்ஸ் சர்வர். ஹார்ட் டிஸ்கிலிருந்து டக்... டக்... என்று சத்தம். திரையில் பிழைச் செய்தி வரிவரியாக ஓடியது. புதிதாக எதுவும் அதில் ஏறக்கூடாதென்று முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். கண் எரிந்தது. முடித்துவிட்டுப் படுத்தால் போதும் என்றிருந்தது. டிஸ்கைத் திருத்தும் கட்டளையை அடித்தேன்.

நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை.

மறுபடி அடித்தேன். மறுபடி நின்றது.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சர்வரிடமே கேட்டேன். இரண்டு பெயர் காட்டியது. ஒன்று நான். இன்னொன்று, இத்ரீஸ்.

போன உயிர் வந்தது. அந்த சர்வரை அமைத்தவனே என் சிநேகிதன் இத்ரீஸ்தான். இப்போது துபாயில் வேலை. மீனா அவனையும் கூப்பிட்டிருப்பாள், அங்கிருந்தே உள்ளே வந்துவிட்டான் என்று நினைத்தேன். திரையில் ஒரு வரி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"ரிப்பேர் பண்ணாதலே. செத்துரும். மொதல்ல காப்பி."

சரிதான். களைப்பில் எனக்குத்தான் தோன்றவில்லை. வேறு டிஸ்கை மாட்டினேன். அதன்பின் கட்டளைகளை அவனே அடித்தான். கெட்டுப்போன இடங்களைத் தாண்டித் தாண்டி... ஒவ்வொரு எழுத்தாக... மெதுவாக...

படங்கள் முழுதாக வந்தன.

"போதும். இனி அனு"

பாதியில் நின்றது. பெயரும் மறைந்துவிட்டது.

படங்களை அனுப்பக் கேபிளைத் தேடினேன்.

தரையில் கிடந்தது.

கேபிளே இல்லாமல் அவன் எந்த வழியாக உள்ளே வந்தான்...?

மாட்டினேன். அனுப்பினேன். அந்த அம்மாவுக்கு அன்றே ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டாள் என்று பிறகு தெரிந்தது.

படங்களை அனுப்பிய கையோடு கேட்டேன்: "மீனா, இத்ரீஸுக்குப் போன் பண்ணினியா?"

"இல்லியே அண்ணாச்சி."

நானே கூப்பிட்டேன். அவன் மனைவி ரஹ்மத்துன்னிசா எடுத்தாள். அழுது ஓய்ந்த குரல்.

"ஆக்சிடென்ட் அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில கெடக்காங்க. மூணு நாளா கண்ணே தொறக்கல."

அசைவாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"இப்பத்தான் கொஞ்ச முந்தி, வெரலு மட்டும் ஆடுச்சி. ரெண்டு கையும் மெத்தையில தட்டிக்கிட்டே இருந்துச்சி. நர்ஸு பயந்துபோயி கையைப் புடிச்சிக் கட்டிட்டா..."

திரையில் "இனி அனு" இன்னும் பாதியில் நின்றுகொண்டிருந்தது.

"கட்டுன பொறவு அசைவே இல்ல, அண்ணாச்சி."