பாதிரியின் விடுமுறை

மதம்: கிறிஸ்தவர். உயரம்: நூற்று எழுபத்தெட்டு சென்டிமீட்டர். சிறப்புத் திறன்: எதுவுமில்லை. ஓட்டல் சலவைக்கூடத்து வாசலில் தினமும் அவர் நீட்டிக் காட்டும் அட்டை அவரைப் பற்றி இப்படிச் சொல்கிறது. மூன்றுமே தப்பு. உயரத்தில் ஒரு சாண் தாராளமாகக் கூட்டிவிட்டார்கள். திறன் இல்லை என்று எழுதப்பட்டவர், உருளை இயந்திரத்திலிருந்து சுடச்சுட வெளியே வரும் இரட்டைக் கட்டில் விரிப்பை, நாலு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார, ஏழு நொடியில் மடித்து அடுக்கிவிடுவார். மதம் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

பிரசவத்தில் தாயையும் பிள்ளையையும் பிழைக்கவைத்த டாக்டரின் பெயரையே அவருடைய அப்பா நன்றிக்காகப் பிள்ளைக்கு வைத்தார். டாக்டர் கிறிஸ்தவர். அந்தக் குடும்பத்துக்கும் கிறிஸ்துவுக்கும் அதைத் தாண்டி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இவரோ கோயிலுக்குள்ளும் அதிகம் போனவரல்ல. வீட்டார் கும்பிடப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று செருப்புகளைப் பார்த்துக்கொண்டவர். வெளிநாட்டு வேலைக்கு ஆளனுப்பிய ஏஜென்ட் விண்ணப்பத்தை நிரப்பும்போது பெயரைப் பார்த்தான், மதத்தை எழுதினான். கேட்டு எழுத அவனுக்கு ஏது நேரம்? வரிசையில் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள்.

நேர் பின்னால் நின்றவர் அவருடைய நண்பர். நாலு தலைமுறைக் கிறிஸ்தவர். ஆனால் நண்பரின் அப்பா தமிழ் வாத்தியார். வடமொழியும் வேண்டாம், வேதாகமமும் வேண்டாம் என்று பிள்ளைகளுக்குத் தனித்தமிழில் பெயர் வைத்தவர். ஏஜென்ட் அந்தப் பெயரையும் பார்த்தான். இந்து என்று எழுதினான்.

ஆறு பேர் தங்கும் அறையில் இந்தச் சங்கதி தெரிந்த அன்றே முன்னவர் பாதிரி ஆனார், பின்னவர் புலவர் ஆனார். அவரவர் பண்டிகைக்கு ஆண்டுக்கு ஒரு நாள் கம்பெனி விடுமுறை தரும். அட்டையில் உள்ளபடிதான் தரும். ஆகவே எட்டு ஆண்டுகளாகக் கிறிஸ்துமஸ் அன்று காலை ஐந்தரை மணி வண்டியில் புலவர் வேலைக்குப் போனார். பாதிரி பகல் ஒரு மணிவரை தூங்கினார்.

அந்தத் தூக்கத்தைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஆறு நாள் ஊரார் துணியை வெளுப்பவர்கள் ஏழாம் நாள் தங்கள் துணியை வெளுத்தார்கள். ஓய்வு நாள் அதிலேயே தீர்ந்துவிடும். கணுக்கால் வீக்கம் வடியும்வரை படுத்திருக்க ஆண்டில் கிடைத்தது அந்த ஒரு நாள்தான். மார்ச்சிலேயே அதை எண்ணத் தொடங்கிவிடுவார். கிறிஸ்துமஸுக்காக அந்த நகரத்தில் அவரளவு ஏங்கிய கிறிஸ்தவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மாலை நாலரைக்குப் புலவர் திரும்பி வருவார். ஓட்டலில் கொடுத்த கேக் துண்டை இரண்டாக்கி, இருவரும் கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து தின்பார்கள். “ஹேப்பி கிறிஸ்துமஸ், ஃபாதர்” என்பார் புலவர். பாதிரி கொட்டாவியோடு ஆசி வழங்குவார்.

ஒன்பதாம் ஆண்டு சிக்கல் வந்தது. அங்கிருந்த தமிழ்ச் சபை ஒரு பள்ளிக்கூட அரங்கில் ஆராதனை நடத்தியது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் பாட்டை நாலு குரலில் பாட ஏற்பாடு. பாடகர் குழுவை நடத்திய நர்சம்மா, புலவர் பேசுவதைக் கேட்டே அவரைக் கீழ்க்குரலுக்குப் பிடித்துப் போட்டார். கீழ்க்குரலுக்கு இருந்த இன்னொரு மனிதர் நவம்பரில் ஊர் திரும்பிவிட்டார். இனிப் புலவர் இல்லாவிட்டால் பாட்டு மூன்று கால் நாற்காலிதான்.

விடுமுறை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் ஐந்து வாரம் குளியலறையில் பாடிப் பழகினார். கீழ்க்குரலைத் தனியாகக் கேட்டால் பாட்டென்றே தெரியாது. தண்ணீர் மோட்டார் ஓடுவதுபோல் இருக்கும். “மோட்டாரை நிறுத்துப்பா, தொட்டி நிரம்பிடுச்சு” என்று பாதிரி போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுப்பார்.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு புலவர் மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டார். மடிப்பு மேசையில் நின்ற பாதிரியின் காதில் அவ்வளவும் விழுந்தது. அட்டையில் வேறு மதம் இருக்கும்போது உனக்கு எதற்கு இந்தப் பண்டிகை என்று மேற்பார்வையாளர் கேட்டார். அட்டை தப்பு என்றால் சொல், அலுவலகத்துக்கு எழுதுகிறேன், உன்னோடு வந்தவர்கள் எல்லாருடைய அட்டையையும் சோதிப்பார்கள், பொய் சொல்லி விடுமுறை எடுத்தவன் எவனோ அவன் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றார். அட்டை சரிதான் என்று புலவர் சொல்லிவிட்டு இயந்திரத்துக்குத் திரும்பினார்.

அன்று மாலை குளியலறையில் மோட்டார் ஓடவில்லை.

“நர்சம்மாகிட்ட என்ன சொல்லப் போற?” என்று கேட்டார் பாதிரி.

“தொண்டை கட்டிடுச்சுன்னு.”

“அட்டை தப்புன்னு சொல்லிருந்தா உனக்கு லீவு கெடைச்சிருக்கும்.”

“கெடைச்சிருக்கும். அப்புறம் கேக்கை யார்கூடத் திங்கிறது? படு, ஃபாதர். நாளன்னிக்கு உனக்குத் தூங்குற வேலை இருக்கு.”

பாதிரி படுத்தார். படுத்தவுடன் தூங்கும் வரம் பெற்றவர், அன்று மேல்கட்டிலின் பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரே மேற்பார்வையாளர் முன் போய் நின்றார். அந்த நாட்டு மொழியில் அவருக்கு நாற்பது சொற்கள் தெரியும். அவற்றில் பாதி ஈரம், சூடு, மூட்டை போன்றவை. மீதியை வைத்துச் சமாளித்தார். என் மதம். பெரிய நாள். நான் வேலை. நண்பன் விடுமுறை. பழைய வழக்கம். மேற்பார்வையாளர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அதனாலேயே அடுத்தவர் கடவுளிடம் பயம் அதிகம். ஆனாலும் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: போன வருஷம் இந்த வழக்கம் எங்கே போயிற்று?

ஒன்பது வருஷத்துக்கு ஒரு முறைதான் என்றார் பாதிரி. பொய்யென்றும் சொல்ல முடியாது, அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. மேற்பார்வையாளர் தாளில் ‘மத வழக்கம்’ என்று குறித்துக் கையெழுத்துப் போட்டார்.

கிறிஸ்துமஸ் காலையில் இருவரும் ஒன்றாகவே எழுந்தார்கள். புலவர் கண்ணாடி முன் நின்று, “டை நேரா இருக்கா?” என்றார்.

“கழுத்துலதான இருக்கு, போதும்.”

“தூக்கம் போச்சேடா உனக்கு.”

“அது எங்க போகப் போகுது. அடுத்த வருஷமும் நான் கிறிஸ்தவன்தான்.”

ஓட்டல் நிரம்பி வழிந்தது. வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு விரிப்பு. மேற்பார்வையாளர் விஷயத்தைச் சொல்லிவைத்திருந்ததால் யாரும் பாதிரியைக் கேலி செய்யவில்லை. அது அவருக்கு இன்னும் களைப்பாக இருந்தது. பத்து மணிவாக்கில் இடது தோள் மரத்துப்போனது. உருளை ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. தானும் அந்தச் சுருதியில் முனகிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தார். புலவரின் கீழ்க்குரல், வரி பிசகாமல். அதைப் பக்தி என்று யாரும் எழுதிவிட வேண்டாம். குளியலறைக்கு அடுத்த கட்டிலில் ஐந்து வாரம் படுத்ததன் பலன்.

நாலரைக்கு அவர் அறைக்குத் திரும்பியபோது புலவர் கீழ்க்கட்டிலில் டையோடு உட்கார்ந்திருந்தார். மடியில் சபையில் கொடுத்த கேக்; ஏற்கெனவே இரண்டாக வெட்டியிருந்தது.

“எப்படிப் போச்சு?”

“நடுவுல ஒரு வரி மறந்துட்டேன். சும்மா ‘ம்’னு இழுத்துட்டேன். ஒருத்தருக்கும் தெரியலை.”

“மோட்டார்தான, யாருக்குத் தெரியப் போகுது.”

“நர்சம்மா அழுதாங்க.”

“வரி மறந்ததுக்கா?”

புலவர் சிரித்தார். பிறகு வழக்கமான வாழ்த்தைச் சொன்னார். ஆசி வரவில்லை. பாதிரி கையில் கேக்கோடு, உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார்.

ஜனவரியில் அவருடைய கோப்பில் ஒரு வரி சேர்ந்தது: ‘மத ஈடுபாடு மிக்கவர்.’ உயரம் அப்படியே இருக்கிறது. திறன் இன்னமும் எதுவுமில்லை.

கிறிஸ்துமஸ் அன்று அவர் ஆயிரத்து நாற்பது படுக்கை விரிப்புகளை மடித்தார்.