அமலதாஸ் குடித்ததில்லை

செவ்வாய்க்கிழமை காலை, லேபில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தபோது தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து அமலதாஸின் மைத்துனர் போன் செய்தார். "அத்தான் போயிட்டாருங்க." போனை வைத்துவிட்டு இன்னும் மூன்று பேருக்கு ரத்தம் எடுத்தேன். அதை நினைத்தால் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

பாபநாசத்தில் ஊசிக்குக் கை நீட்டியவர்கள் எல்லோருக்கும் அமலதாஸைத் தெரியும். பதினெட்டு வருஷம் ஒரே லேபில் ஒன்றாக வேலை பார்த்தோம். ஆரம்பத்தில் எங்களிடம் மெஷின் ஏது? கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து, ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை உறிஞ்சித்தான் அளப்போம். சில நாள் நாக்குவரை வந்துவிடும். துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, அடுத்த குழாயை எடுப்போம். முட்டாள்கள்!

பிறகு வெளிநாட்டு வேலைக்குப் போகிற ஆட்கள் பரிசோதனைக்குச் சாரிசாரியாக வந்தார்கள். நன்னிலத்துக்காரர் ஒருவருக்கு ஈரல் பரிசோதனையில் எஸ்ஜிஓடி என்கிற அளவு இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்கு. "குடிகாரனையெல்லாம் அனுப்ப முடியாதுங்க" என்று ஏஜென்ட் கையை விரித்தான். அந்த மனிதர் அழுதேவிட்டார். அமலதாஸ் அவரை உட்காரவைத்து, "நேத்து என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். நாலு நாளாக நெல்கட்டு சுமந்தாராம். "உடம்பு முறிய வேலை செஞ்சா சதையிலேருந்தும் இது ஏறும். ஒரு வாரம் சும்மா இருந்துட்டு வாங்க, மறுபடி பாப்போம்." மறு வாரம் சரியாக இருந்தது. ஏஜென்டின் முகத்துக்கு நேராகவே அமலதாஸ் சொன்னார்: "இது புகை மாதிரிங்க. எங்கியோ எரியுதுன்னுதான் சொல்லும். யாரு வெச்ச தீன்னு சொல்லாது."

ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லையே!

புது மெஷின் வந்தபோது, ஓட்டிப் பார்க்க எங்கள் ரத்தத்தையே போட்டோம். எனக்குச் சரியாக இருந்தது. அவருக்கு, ஈரலைக் காட்டுகிற எஸ்ஜிபிடி ஐந்து மடங்கு. மறுபடி போட்டோம். அதேதான்.

"பேரு எழுதாதய்யா" என்றார். மகள் ஸ்டெல்லாவுக்கு சிங்கப்பூர் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம் அது. "மாதா கோயில்ல பாடுறவன் வீட்டுல குடிக்கிறான்னு ஒரு பய சொன்னாப் போதும், சம்பந்தம் போச்சு."

"மஞ்சக்காமாலை பி கிருமி இருக்கான்னாவது பாத்துருவோம்யா. எத்தனை வருஷம் வாயால உறிஞ்சிருக்கோம்!"

"அதுக்கு தஞ்சாவூருக்குல்ல அனுப்பணும். அங்க எந்த லேப்ல என்னைத் தெரியாது? கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் ஆரோக்கியமேரிகிட்டகூட வாயைத் திறக்காத."

அவர் மனைவியிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. மஞ்சள் காமாலை என்று வருகிறவர்கள் கீழாநெல்லியை நம்பி நாளைக் கடத்தினால் கண்டபடி திட்டுகிறவர், எட்டு மாதம் அதையே அரைத்து மோரில் குடித்தார். கல்யாணத்தன்று கண் மஞ்சளாக இருந்தது. மெட்ராஸ் ஐ என்று சொல்லிக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். "ஆமாமா, எங்க லேப்ல எல்லாருக்கும் அதான்" என்று நானும் நாலு பேரிடம் சொன்னேன். கோயிலில் பாட ஆரம்பித்தவர், பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். மகளைப் பிரியப்போகிற துக்கம் என்று எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரமே வயிறு வீங்கிப்போய் தஞ்சாவூரில் சேர்த்தார்கள். பி கிருமிதான். ஈரல் சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். "முன்னாடியே வந்திருந்தா கொஞ்ச வருஷமாவது இழுத்துப் புடிச்சிருக்கலாம்."

கல்லறையில் மண் தள்ளும்போது எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார்: "மறைச்சு மறைச்சுக் குடிச்சிருக்கான்யா. இல்லேன்னா ஈரல் ஏன் போவுது?" எந்தப் பேச்சுக்குப் பயந்து அவர் செத்தாரோ, அதே பேச்சு. அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது சொல்கிறேன், ஊரே கேட்டுக்கொள்ளட்டும். அமலதாஸ் ஒரு சொட்டுக் குடித்ததில்லை.

அன்று வீட்டில் ஆரோக்கியமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அண்ணே, உங்க மெஷின்ல முன்னாடியே ஒண்ணும் காட்டலையா?"

"இல்லம்மா" என்றேன். தலையாட்டி நம்பிவிட்டார்.

அமலதாஸிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, "வாயைத் திறக்காத" என்ற அந்த ஒரு சொல்தான். அதை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. ஆரோக்கியமேரி, மெஷின்ல காட்டிச்சும்மா. எட்டு மாசம் முன்னாடியே காட்டிச்சு. எனக்குத் தெரியும்.