ஜன்னலோரத்துச் சக்களத்தி

எங்கள் அக்கா வீட்டிலேயே ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள். அத்தான் பஸ் டிரைவர். கல்யாணமான நாளிலிருந்து அக்காவுக்கென்று ஒரு சீப்புகூட வாங்கி வராத மனுஷன், ஒருநாள் குழந்தையைப் போல அணைத்தபடி ஒரு தொட்டியைக் கொண்டுவந்தார்.

தடித்த இலைகள் ரோஜா மாதிரி அடுக்கடுக்காய் விரிந்து, கத்தரிக்காய்க் கறுப்பில் மினுமினுக்கும் செடி. கறுப்பி என்று பேரும் வைத்துவிட்டார். தோட்டத்து வேலியோரம் வைத்ததும் தெருவே நின்று பார்த்தது.

உறைபனி பட்டால் இலை கூழாகிவிடுமாம். குளிர் தொடங்கியதும் கறுப்பி வீட்டுக்குள் வந்தாள். வெயில் விழும் ஜன்னல் ஒன்றுதான். அங்கிருந்த தையல் மெஷின் சமையலறைக்குப் போகும் இருட்டு நடைக்குப் போனது. அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தடவித் தடவி ஊசியில் நூல் கோத்தாள்.

"சக்களத்திக்கு வெளிச்சம், எனக்கு இருட்டு" என்று என்னிடம் பொருமினாள். பொய்யில்லை. இலையில் தூசி விழுந்தால் அத்தானுக்குத் தெரியும். அக்கா காய்ச்சலில் கிடந்தபோது, செருப்பு மாட்டிக்கொண்டே "மாத்திரை போட்டியா?" என்றார். எனக்கே வயிறு எரிந்தது, அவளுக்குக் கேட்பானேன்!

பனி விலகி, செடி தோட்டத்துக்குத் திரும்பியது. அத்தான் வேலைக்குப் போனதும் அக்கா கத்திரியோடு இறங்கினாள். அந்தத் துணிக் கத்திரியால் நாங்கள் காகிதம் வெட்டினாலே அடிக்க வருபவள். ஒரே வெட்டு. கறுப்பியின் தலை மண்ணில் விழுந்தது.

"யாரு பண்ணினது?" என்றார் அத்தான், வந்ததும்.

"நான்தான்."

அத்தான் கறுப்பியின் தலையை எடுத்து, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்து, வேறு தொட்டியில் நட்டார். அது வேர் பிடித்தது. மொட்டைத் தண்டும் சும்மா இருக்கவில்லை. வெட்டிய இடத்துக்குக் கீழே முளைவிட்டு, நாலு தலையாய் விரிந்தது.

"தலையை வெட்டினாத்தான் கிளைக்கும்னு இவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க! கைராசிக்காரி!" என்று வேலியோரம் நின்றவர்களிடமெல்லாம் அத்தான் பீற்றிக்கொண்டார். ஒருத்தியை ஒழிக்கப் போய் ஐந்து பேரைக் கூட்டிவந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஆயுசில் கிடைத்த ஒரே பாராட்டும் சக்களத்தியால் வந்ததே என்று அவளுக்கு ஆற்றாமை.

மறுபடி குளிர் வந்தது. ரெண்டு தொட்டியும் ஜன்னலேற, மெஷின் மறுபடி நடைக்குப் போனது. புதுத் துளிர் ஒன்றைக் காட்ட அத்தான் தொட்டியோடு அங்கே வந்தார்.

"இங்க பாரேன், எவ்வளவு சின்னதா..." என்று குனிந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நின்றார்.

"நீ எப்ப கண்ணாடி போட்டே?"

அக்கா மெஷினை நிறுத்தவில்லை.

"போன குளிர்லயே."